அம்பு சார்

பிப்ரவரி 2, திங்கள்

கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்தேன். எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் ஆதாரம் என்று ஒன்று வேண்டும். தேதி போட்டு எழுதி வைத்தால்தான், நாளைக்கு ரித்து "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று கண்ணை உருட்டும்போது எடுத்து முன்னால் வைக்கலாம்.

ரித்திகா என் ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியவள், அரையாண்டில் வகுப்பிலேயே முதல். டியூஷன் கிடையாது. பள்ளியில் அந்தப் பாடம் எடுக்கும் மிஸ் பிரசவ விடுப்பில் போய் மாதக்கணக்காகிறது. பிறகு எப்படி இந்த மதிப்பெண்? எல்லோரும் "பரவாயில்லையே" என்றார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

திண்டுக்கல்லில் பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிரித்துச் சிரித்துப் பேசும் வாடிக்கையாளரின் பையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னால் முடியுமா?

இன்று காலை ரித்து குளிக்கப் போயிருந்தாள். கட்டில்மேல் போன் வெளிச்சம் போட்டது. மேலே 'அம்புக்குறி' என்று ஒரு பெயர். கீழே, "சார், நீங்க மட்டும் இல்லேன்னா நான் செத்தேன்." பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம். நான் தொடுவதற்குள் அணைந்துவிட்டது.

எந்தச் சார்? என் மகள் எந்த ஆளுக்கு இதயம் அனுப்புகிறாள்?

பிப்ரவரி 3, செவ்வாய்

போனின் பூட்டு எண்ணை மாற்றிவிட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

நேரடியாகக் கேட்காமல், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"பிசிக்ஸுக்கு எதைப் பாத்துப் படிக்கிற?"

"ஆன்லைன்லம்மா. மெக்கானிக்ஸ் ரிவிஷன்."

"ஆன்லைன்ல யாரு எடுக்குறா?"

"யாரும் எடுக்கலம்மா. கணக்கப் போட்டுப் போட்டுப் பழகுறதுதான்."

"யாருமே எடுக்கலையா?"

"ஏம்மா போலீஸ் மாதிரி கேக்குற?"

பார்த்தீர்களா, கேள்விக்குக் கேள்வி. யாருமே எடுக்காத இடத்தில் சார் எங்கிருந்து முளைத்தார்?

என் நாத்தனார் சந்திரா மதினியின் மகளும் இப்படித்தான் ஆரம்பித்தாள். குரூப் ஸ்டடி, குரூப் ஸ்டடி என்று போனும் கையுமாக இருந்தவள், போன வருஷம் ஆடியில் போனில் பழகிய ஒருத்தனோடு போய்விட்டாள். அவன் சொன்ன பெயர், வேலை எல்லாமே பொய். மதினி இன்றுவரைக்கும் வாசலைத் தாண்டுவதில்லை. என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வாரம் ஒருமுறை பேசும்போது, "நீ பாத்துக்கிருவ பரமு" என்பார். பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 8, ஞாயிறு

சாப்பாட்டு இடைவேளையில் கடையில் எனக்குக் கொடுத்திருக்கும் போனில் நானே தேடினேன். இயந்திரவியல் மீள்பார்வை, பதினொன்றாம் வகுப்பு என்று அடித்தால் சந்தைக்கடைபோல் கொட்டுகிறது. ஒரு சார் சட்டை நனைய நனையக் கத்துகிறார், ஒரே மூச்சில் முழுப் பாடமாம். இன்னொருவர் பாடம் ஆரம்பிப்பதற்குள் தன் கோச்சிங் சென்டரைப் பற்றியே பேசி முடித்துவிட்டார். ஒரு வெளிநாட்டுப் பக்கத்தில் பொம்மைப் பையன் சக்கரப் பலகையில் மேலும் கீழும் சறுக்குகிறான், பக்கத்தில் கட்டங்கள் ஏறி இறங்குகின்றன. அழகாகத்தான் இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தளத்தில் பழைய வினாத்தாள்கள் மட்டும் மலையாகக் கிடந்தன.

கடைசியில் கிடைத்தது 'அம்புக்குறி'. குரல் இல்லை, முகம் இல்லை. கட்டம்போட்ட தாளில் படம். ஒரு பெட்டி, அதற்குக் கீழே ஓர் அம்பு. அடுத்த படத்தில் மேலே ஓர் அம்பு. இப்படி ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். கூடவே ஒரு குழு. ஆயிரத்துக்கும் மேலே பிள்ளைகள். சந்தேகம் கேட்கிறார்கள், 'அம்பு' என்ற பெயரில் ஓர் ஆள் பதில் எழுதுகிறான். பிள்ளைகள் சார், சார் என்று உருகுகிறார்கள்.

பெயரைப் பாருங்கள், அம்பாம். மன்மதன் என்று நினைப்பு.

இனாமாகச் சொல்லிக் கொடுக்கிறான். இந்தக் காலத்தில் இனாமாக யார் எதைக் கொடுக்கிறார்கள்? நானும் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் பெயரைப் போட்டுக்கொண்டேன்: ஜெனிஃபர், பதினொன்றாம் வகுப்பு, நிலக்கோட்டை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தூண்டில் போட்டேன். "சார் உங்களுக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா?"

பதில்: "உராய்வுல டவுட் இருந்தா கேளுங்க."

கெட்டிக்காரன். சரி, பாடத்தைக் கேட்டுத்தான் நெருங்க வேண்டும். ரித்து பள்ளிக்குப் போனபின் அவள் புத்தகத்தைப் புரட்டினேன். மேசைமேல் ஒரு புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டோம், அது ஓடிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் என்னென்ன விசை? நான் கீழே ஓர் அம்பு, மேலே ஓர் அம்பு, பின்பக்கம் உராய்வுக்கு ஓர் அம்பு, அது ஓடும் பக்கம் தடிமனாக ஓர் அம்பு போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். இவ்வளவு போட்டதே பெரிது.

சாயங்காலம் பதில் வந்தது. "மூணு அம்பு கரெக்ட், சூப்பர். முன்னாடி போட்ட அம்பு மட்டும் தப்பு. இது எல்லாரும் பண்ற தப்புதான் ஜெனிஃபர். கைய எடுத்தாச்சுல்ல, இப்ப யாரு தள்ளுறா?"

"யாரும் தள்ளாட்டி எப்படி சார் ஓடும்?"

"ஓடுறதுக்குக் காரணம் வேண்டாம். வேகம் மாறுறதுக்குத்தான் காரணம் வேணும்."

என்ன பேச்சு இது? காரணம் இல்லாமல் எதுவாவது நகருமா? இத்தனை வருஷக் கடை அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. நிச்சயமாக ஏமாற்றுக்காரன்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

பில் கவுண்டர் கிரானைட்மேல் புடவைப் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். போகிறது. தரையில் தள்ளினால் உடனே நின்றுவிடுகிறது. கிரானைட்டை இன்னும் வழவழப்பாக்கினால் இன்னும் போகும். வழவழப்புக்கு முடிவே இல்லை என்றால் போய்க்கொண்டேதான் இருக்கும்போல.

மேனேஜர், "என்ன பரமேஸ்வரி, வெளயாட்டு?" என்றார். டஸ்ட் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் பாடம் சரியாக இருந்தால் ஆள் சரியாக இருப்பான் என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 14, சனி

இன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ரித்து எங்கேயும் போகவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பழைய நைட்டியில் நாளெல்லாம் படித்தாள். அம்பு குழுவில் உந்தம் பற்றி ஒரு தேர்வு வைத்தான். காதலர் தினத்தில் தேர்வு வைக்கிறவன் சாதாரண ஆளாக இருக்க மாட்டான். ஜெனிஃபருக்குப் பாதிதான் சரி. "பரவால்ல, போன வாரத்துக்கு எவ்வளவோ மேல" என்று எழுதியிருந்தான். எனக்குச் சந்தோஷமெல்லாம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ரித்துவின் அறைக்கதவு தாழ் போட்டிருந்தது. நாலு வார்த்தை கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பிறகு திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. தாள், பென்சில், அடுக்கி வைத்த புத்தகங்களின்மேல் சாய்த்துவைத்த போன். அழவில்லை. "என்னம்மா வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரிக்கு உப்புமா கிண்டினேன். அவளுக்குப் பிடிக்காதென்று தெரியும், வேறு செய்யத் தெம்பில்லை.

பிப்ரவரி 18, புதன்

ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் நம் கதையைச் சொல்ல வேண்டும். ஜெனிஃபர் தனியாக அவனுக்கு எழுதினாள்: "எங்க வீட்ல என்னை நம்பவே மாட்டாங்க சார். படிக்கவே பிடிக்கல."

வந்த பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத ஜெனிஃபர். எங்க வீட்லயும் ஒருத்தங்க அப்படித்தான். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள என் போனைத் தொட்டுப் பாப்பாங்க. ரொம்ப நல்லவங்க. எனக்காகத்தான் நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறாங்க, கால் வீங்கிடும். நான் பண்றதை அவங்ககிட்ட சொல்லணும்னு தெனமும் நெனப்பேன். ஆனா கேக்கும்போதே திருடனைக் கேக்குற மாதிரி கேப்பாங்களா, வாய் அடைச்சுப் போயிடும். சொன்னா நிறுத்திடுவாங்க. எனக்கு வேற எதுலயும் இவ்வளவு சந்தோஷம் இல்ல. உன்கிட்ட சொன்னது நல்லா இருக்கு. நீயும் விட்டுராத."

மாட்டினான்! கல்யாணம் ஆனவன். பெண்டாட்டியை நாளெல்லாம் நிற்கவைத்துச் சம்பாதிக்க விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு அம்பு வரைந்துகொண்டிருக்கிறான். மரியாதையாக வேறு பேசுகிறான், நல்லவங்களாம். கால் வீங்குவதுகூடத் தெரிகிறது, ஒரு வெந்நீர் வைத்துக் கொடுக்கத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. போனைத் தொட்டுப் பார்க்கிறாள் என்றால் காரணம் இல்லாமலா பார்ப்பாள்? அவள் ஊர் தெரிந்தால் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பஸ்ஸில் வரும்போது பேகம்பூர் திருப்பத்தில் பக்கத்து அம்மாள்மேல் சாய்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே யோசித்தேன். பஸ் திரும்பும்போது என்னை வெளிப்பக்கம் தள்ளுவது யார்? அந்த அம்பை எங்கே போடுவது? இறங்கியதும் ஜெனிஃபர் பெயரில் கேட்டேன். "நல்ல கேள்வி! யாரும் தள்ளல. சண்டே படத்தோட சொல்றேன்" என்றான்.

சந்திரா மதினி போனில் பேசினாள். "ஹாஸ்டல்ல போட்ரு பரமேசு. நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளி. போன் கூடாது, மாதம் ஒருமுறைதான் பார்க்க விடுவார்கள். ஆனால் அங்கே வணிகவியல் பிரிவில் மட்டும்தான் இடம் இருக்கிறதாம், பாடம் மாறுவதால் மறுபடி பதினொன்றிலிருந்து படிக்க வேண்டும். விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாயங்காலம் நான் வந்தபோது ரித்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது போதும் எனக்கு. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஹாஸ்டல் விஷயத்தையும் சொன்னேன்.

"பிசிக்ஸ் விட்டுட்டா?"

"ஆமா."

"நான் என்ன பண்ணேன்னு சொல்லும்மா. ஒண்ணாச்சும் சொல்லு."

"உனக்கே தெரியும்."

"பரீட்சை வரைக்கும் மட்டும் குடும்மா. எனக்காக இல்ல, அங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அங்கே என்றால் எங்கே? கேட்டேன். அறைக்குள் போய்விட்டாள்.

இன்றைக்கு அனுப்புகிறேன் என்ற பஸ் படத்தை அம்பு அனுப்பவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

நான் நினைத்தது சரியாகிவிட்டது. ரித்துவின் போன் பீரோவுக்குள் போன அன்றிலிருந்து அம்பு குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் இல்லையென்றால் அவனுக்கு வேலை இல்லை! இத்தனை பிள்ளைகளும் ஒப்புக்குத்தான், குறி என் மகள்மேல்தான். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பிப்ரவரி 26, வியாழன்

குழுவில் பிள்ளைகள் கதறுகிறார்கள். அடுத்த வாரம் தேர்வு. "சார் எங்க போனீங்க", "சார் டார்க் மட்டும் சொல்லிட்டுப் போங்க." டார்க் என்றால் திருப்புவிசையாம். வேடசந்தூரில் ஒரு பிள்ளை, அவளுக்கு இதைவிட்டால் வேறு டியூஷன் கிடையாதாம், நாளுக்குப் பத்து தடவை வணக்கம் போடுகிறாள்.

எனக்கு ஒன்றுமில்லை. வட்ட இயக்கம் பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் சட்டை நனையும் சாரைப் போட்டுப் பார்த்தேன். நாலு நிமிஷம் தாங்கவில்லை.

ரித்து புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கம் திரும்புவதில்லை. எனக்கு வெந்நீர் போட்டு, உப்புப் போட்டு, கால் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காக்காய் பிடிக்கிறாளா என்று தெரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

கடை. சாப்பாட்டு அறை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபோது போன் அதிர்ந்தது. அம்புக்குறியில் புதிதாக ஒரு வீடியோ. முதல் முறையாகப் படம் இல்லை, வீடியோ.

கட்டம்போட்ட தாள். ஒரு கை பென்சில் பிடித்துச் சாய்தளம் வரைகிறது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? மூளைக்குள் அது ஏறுவதற்குள் சத்தம் வந்தது. கதவை உடைக்கிறாற்போல் தட்டும் சத்தம். பிறகு என் குரல்.

"கதவைத் தொறடி! எவன்டி உள்ள? சந்திரா மக மாதிரி ஓடுறதுக்குப் பழகுறியா? ஓடுறதுன்னா இன்னைக்கே ஓடு. ஒரு முழுக்கு முழுகிட்டு நிம்மதியா இருக்கேன். ஒன்னையப் பெத்த வயித்துல..."

அப்புறம் நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் நாலு வார்த்தை என்று எழுதியிருக்கிறேன், போய்ப் படித்துப் பார்த்தேன்.

அந்தக் கை நின்றுவிட்டது. பென்சில் தாளைத் தொட்டபடி, நான் கத்திய நேரமெல்லாம் அசையாமல் இருந்தது. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் உராய்வுக்கான அம்பை, ஸ்கேல் வைத்து, நேராக வரைந்தது. வீடியோ முடிந்தது.

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெனிஃபர், நிஜ ஜெனிஃபர், நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மேடம், ஒங்க கொரல் மாதிரியே இருக்கு?"

கீழே பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சார், யாரு அது கத்துறது? சார் பொண்ணா? வேடசந்தூர்ப் பிள்ளை எழுதியிருந்தாள்: "அம்பு அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் பண்ணிக்காதீங்க அக்கா."

சாப்பாட்டைக் குப்பையில் கொட்டினேன். லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அதே நாள், சாயங்காலம்

பீரோவைத் திறந்து போனை எடுத்து ரித்துவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்குத் தர்ற? உள்ள ஏதாச்சும் போட்டு வச்சிருக்கியா?"

"இல்லடி. வீடியோவப் பாத்தேன்."

"அது இன்னைக்கு வர்ற மாதிரி நேரம் குறிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள சவுண்டை எடுத்துரலாம்னு இருந்தேன். நீ போனை வாங்கிட்ட." பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நீ எப்படிப் பாத்த? அது குரூப்ல இருக்குறவங்களுக்கு மட்டும்தான வரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கடையில் யாரோ காட்டினார்கள் என்றால் போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"நான்தான் ஜெனிஃபர்," என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். போனைத் திறந்து எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். நிலக்கோட்டை ஜெனிஃபர் எழுதியதையெல்லாம் படிக்கிறாள் என்று தெரிந்தது.

"பொண்ணுன்னு தெரிஞ்சா யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் சார்னு கூப்புட்டப்ப விட்டுட்டேன். அது ஒண்ணுதான் நான் பண்ண தப்பு," என்றாள். "ஸ்கூல்ல எனக்குப் பேசுறதுக்கு யாரும் இல்லம்மா. ஜெனிஃபர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். பரீட்சை முடிஞ்சதும் பஸ் ஏறிப் போய் அவளைப் பாக்கலாம்னு இருந்தேன்."

நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"அப்ப அப்படி ஒருத்தி இல்லவே இல்லையா?"

"இல்ல," என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போதுதான் அழுதாள். அன்றைக்கு நான் அவ்வளவு பேசியதற்கு அழாதவள், இதற்கு அழுதாள்.

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே குழுவில் பாடம் வந்துவிட்டது. டார்க், வட்ட இயக்கம், எல்லாம். பிள்ளைகள் இப்போது அக்கா, அக்கா என்கிறார்கள், கேள்வி ஒன்றும் குறையவில்லை. இதைக் காலை பஸ்ஸில் பார்த்தேன். மதியம் பார்த்தபோது எனக்குத் திறக்கவில்லை. ஜெனிஃபரை நீக்கிவிட்டாள்.

ஹாஸ்டல் விண்ணப்பம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ரித்து அறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஃபார்ம் குடுத்தாச்சா?"

"இல்ல. குடுக்கல. குடுக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "பையைக் காமி."

கொடுத்தேன். மேசையில் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், மாத்திரை, டிபன் பாக்ஸ். உள்ளறையின் ஜிப்பையும் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். விண்ணப்பம் இருந்தது. விரித்து, முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். நகல் எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்று கடை போனையும் வாங்கி, நான் யாரிடம் பேசினேன் என்று பார்த்தாள்.

அவள் பார்த்து முடிக்கும்வரை, கையைக் கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றேன்.